முதல் கரண்டியும் தெர்மாகோல் டப்பாவும்

அந்தச் சூப்புக் கடையின் முதலாளி ஒரு முடிவெடுத்தார். எடுத்ததை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியும் விட்டார்.

"இந்த ஸ்டூல்ல நான் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் இந்தக் கடையில தெர்மாகோல் டப்பாதான். மாத்துற பேச்சே கிடையாது."

எல்லோரும் என்றால் மூன்று பேர். ஒருவர் சூப்புக்குக் காத்திருந்த பெரியவர். அவருக்குக் காது மந்தம். இன்னொருவர் பக்கத்துக் கடைத் தையல்காரம்மா. சும்மா எட்டிப் பார்க்க வந்தவர். மூன்றாவது ஆள், உள்ளே அடுப்பங்கரையில் நின்ற வீட்டம்மா. அந்த மூன்றாவது ஆளுக்காகத்தான் முதல் இரண்டு பேரின் காதும் கிழிந்தது.

அவரை முதலாளி என்று நான் சொல்வது போர்டைப் பார்த்து. 'உரிமையாளர்' என்று கடை வாசலில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. எழுதியவர் அவரேதான், ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் வீட்டம்மா. மற்றபடி காலையில் சந்தைக்குப் போவது, எலும்பை வேகவைப்பது, மீன் பொரிப்பது, எதை எவ்வளவு செய்வது என்று தீர்மானிப்பது எல்லாம் அந்தம்மாதான். முதலாளி முன்னால் உட்கார்ந்து, டப்பாவில் ஊற்றி, மூடி, பையில் போட்டு, "பார்த்துப் போங்க, சூடா இருக்கு" என்பார். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அவர் அப்படிச் சொல்வதைக் கேட்கவே நாள் தவறாமல் வருகிற ஆட்கள் உண்டு.

ஆனால் அவர் பார்க்கிற அசல் வேலை ஒன்று இருந்தது.

தினமும் பதினோரு மணிக்குச் சூப்புத் தயாரானதும் பானையிலிருந்து முதல் கரண்டி அவருக்கு. விளிம்பில் கொஞ்சம் உடைந்த ஒரு நீலக் கிண்ணம் உண்டு. அவர்கள் கடை போட்ட அன்று வாங்கியது. அதில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வீட்டம்மா கையைத் துடைத்தபடி பக்கத்திலேயே நிற்பார். இவர் ஊதுவார். ஒரு வாய் உறிஞ்சுவார். கண்ணை மூடுவார். பிறகு "ம்" என்பார். அந்த 'ம்' வந்தால்தான் பானை முன்னால் வரும். வராவிட்டால், "உப்பு அரைச் சிட்டிகை குறையுது" என்றோ "மிளகு முந்திக்கிட்டு நிக்குது" என்றோ தீர்ப்பு வரும். அந்தம்மா மறுபேச்சில்லாமல் போய்த் திருத்துவார். பதினெட்டு வருஷமாக இப்படித்தான். மற்ற விஷயங்களில் அவர் சொல் அம்பலம் ஏறாது. நாக்கு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னால் சொன்னதுதான்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குத் தெர்மாகோல் மேல் என்ன பாசம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

போன மாதம் ஒரு டப்பா வியாபாரி கடையைக் காலி செய்துகொண்டு போனார். போகிற போக்கில் இவரிடம் வந்து, "அண்ணே, உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்" என்றார். அந்த 'உங்களுக்குன்னே'வில் நம்மவர் குப்புறக் கவிழ்ந்தார். நாற்பது அட்டைப்பெட்டி நிறையத் தெர்மாகோல் டப்பா வந்து இறங்கியது. மற்ற கடைக்காரர்கள் ஏன் ஒன்றுகூட எடுக்கவில்லை என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. கடைக்கு மேலேதான் வீடு. அங்கே சும்மா இருந்தது ஒரே ஒரு அறை. தரையிலிருந்து கூரை வரை அதில் அடுக்கிக் கதவைச் சாத்தினார். சாத்தியபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதிக்குக் காரணம் வேறு. வீட்டம்மாவின் அண்ணன் ஊருக்கு வந்தால் தங்குகிற அறை அது.

மச்சான் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனுஷன். அதுதான் பிரச்சினையே. உட்கார்ந்ததும், "மாப்பிள்ளை, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே" என்று ஆரம்பிப்பார். தண்ணீர்த் தொட்டியை இந்தப் பக்கம் வைக்காதீர்கள் என்பார். வைத்த மூன்றாம் மாதம் சுவர் விரியும். அந்தக் கதவு உள்பக்கம் திறக்கிற மாதிரி இருக்கட்டும் என்பார். கேட்காமல் போட்டால் முதல் வாரமே யாராவது முட்டிக்கொள்வார்கள். ஒரு மனுஷன் அவ்வப்போது தப்பாகவும் பேச வேண்டாமா? எப்போது பார்த்தாலும் சரியாகவே சொல்கிறவரை வீட்டில் வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துவது?

இந்த லட்சணத்தில் மச்சான் செய்கிற வியாபாரமும் டப்பாதான். கரும்புச் சக்கையைக் கூழாக்கி அச்சில் வார்த்த பெட்டி. "மாப்பிள்ளை, தெர்மாகோலை விட்டுடுங்க" என்று அவர் சொன்ன நிமிஷத்தில்தான் இவருக்குத் தெர்மாகோல் உயிருக்கு உயிராகிப் போனது. எது போனாலும் போகட்டும், மச்சான் சொன்னது நடந்துவிடக் கூடாது. முதலாளியின் மானம் அந்த நாற்பது பெட்டிக்குள் இருந்தது.

வீட்டம்மாவுக்கு வேறு கவலை. கடைக்குப் பின்னால் ஒரு சாக்கடை போகிறது. வாங்கித் தின்றவர்கள் வீசுகிற டப்பா உடைந்து, பொடிந்து, வெள்ளை வெள்ளை மணியாக அதில் வந்து அடைத்துக்கொள்ளும். போன திங்கட்கிழமை மழையில் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு சமையலறைக்குள் வந்துவிட்டது. அந்தம்மா மாவு சலிக்கிற சல்லடையால் அந்த மணிகளை அள்ளி அள்ளிக் கொட்டினார். தெரு கூட்டுகிற அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது சாகாத சரக்குக்கா. நாம செத்தாலும் இது இங்கேயேதான் கிடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போதாக்குறைக்குப் பொரித்த மீனைச் சுடச்சுட எண்ணெயோடு வைத்தால் டப்பாவின் அடிப்பாகம் அம்மை போட்ட மாதிரி குழிவிழுந்துவிடும். அந்தக் குழியில் இருந்தது எங்கே போயிற்று? மீனோடுதான் போயிருக்கும். இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னபோதுதான் முதலாளி ஸ்டூல் மேல் உட்கார்ந்து அந்த முடிவை அறிவித்தார்.

அறிவித்ததோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

"லேசா இருக்கு, கையைச் சுடாது, சூடும் தாங்குது. வேற என்ன வேணும்?" என்றார்.

"அதுல நீங்க என்னைக்காவது குடிச்சுப் பார்த்திருக்கீங்களா?"

"ஏன், என் முதல் கரண்டியையே அதுல ஊத்திக் குடு. காலம் பூரா குடிக்கிறேன்."

வீட்டம்மா மெதுவாக, "சரிங்க" என்றார்.

கல்யாணமான எந்த ஆம்பிளையைக் கேட்டாலும் சொல்வான். பெண்டாட்டி சண்டை போட்டால் பயப்பட ஒன்றுமில்லை. சண்டை பாதியில் நிற்க, மெதுவாக ஒரு "சரிங்க" வந்தால் அன்றைக்குத்தான் கிலி பிடிக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? தவளையாவது கத்தியதோடு விட்டது. இவர் 'காலம் பூரா' என்று கெடுவும் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பதினோரு மணிக்கு முதல் கரண்டி வந்தது. நீலக் கிண்ணத்தில் இல்லை. வெள்ளை வெளேரென்று ஒரு தெர்மாகோல் டப்பாவில்.

முதலாளி சிரித்துக்கொண்டே ஸ்பூனை உள்ளே விட்டார். அது டப்பாவின் அடியில் உரசி ஒரு சத்தம் போட்டது பாருங்கள், கிரீச்சென்று. சின்ன வயதிலிருந்தே அந்தச் சத்தம் கேட்டால் அவருக்குப் பல் கூசும், முதுகுத்தண்டில் என்னமோ ஊரும். ஸ்பூனை வைத்துவிட்டு டப்பாவையே தூக்கி வாயில் வைத்தார். அது நடுவில் வளைந்து கொடுத்தது. பாதிச் சூப்பு வாய்க்கும் மீதி சட்டைக்கும் போனது. வாய்க்குப் போனதிலும் ஏதோ புது பிளாஸ்டிக் செருப்பின் வாசம். வீட்டம்மா கையைத் துடைத்தபடி பக்கத்திலேயே நின்றார்.

"ம். அருமை," என்றார் முதலாளி, சட்டையைப் பிழிந்துகொண்டே.

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாதே. இரண்டாம் நாளும் அருமை. மூன்றாம் நாளும் அருமை. நாலாம் நாள் வீட்டம்மா சந்தைக்குப் போயிருந்த சமயம் பார்த்து நீலக் கிண்ணத்தைத் தேடினார். அலமாரியில் இல்லை. பரணில் இல்லை. அரிசி டின்னுக்குள் கையை விட்டுத் துழாவினார். திரும்பி வந்த அந்தம்மா, முழங்கை வரை ஒட்டியிருந்த தவிட்டைப் பார்த்துவிட்டு, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். கிண்ணம் என்று முதலாளி வாய்தவறிச் சொல்லிவிட்டார். அது எதற்கு, டப்பாதான் இருக்கிறதே என்று அந்தம்மா சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். அன்று முதல் சாயங்காலத் தேநீரும் தெர்மாகோல் கப்பில் வர ஆரம்பித்தது.

முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். மூச்சைப் பிடித்துக்கொள்வது. டப்பாவை இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வது. ஒரே மடக்கு. உடனே "ம், அருமை". மருந்து குடிக்கிற பிள்ளைகள் இப்படித்தான் குடிப்பார்கள். வாசமும் தெரியாது, சத்தமும் இல்லை. ஒன்பதாம் நாள் அதில் நல்ல தேர்ச்சி வந்துவிட்டது. மடக்கென்று குடித்து, "ம், அருமை" என்று டப்பாவைக் கீழே வைத்தார்.

வீட்டம்மா நகரவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேஜை மேல் இருந்த உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பானையில் ஒரு கை அள்ளிப் போட்டார். இன்னும் கொஞ்சம் போட்டார். கிளறினார்.

முதலாளி ஸ்டூலிலிருந்து எழுந்தார். "என்ன, இப்பதான் உப்புப் போடுறே?"

"ஆமாங்க. இன்னைக்கு நான் உப்பே போடல."

அதில் குத்தல் எதுவும் இல்லை. கோபம்கூட இல்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல் அந்தம்மா சொன்னார்: "பதினெட்டு வருஷமா உங்க 'ம்'முக்காகத்தாங்க பக்கத்துல வந்து நிக்கிறேன். நீங்க 'ம்'ன்னா அதுக்கப்புறம் யாரு என்ன சொன்னாலும் எனக்குப் பயமில்ல. இனிமே நான் யாரைக் கேக்குறது?"

அன்று முழுக்க முதலாளி, "பார்த்துப் போங்க, சூடா இருக்கு" என்று யாரிடமும் சொல்லவில்லை. காது மந்தமான பெரியவர்கூட, உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. போனது நாக்கு. கடையில் அவருடையது என்று இருந்தது அது ஒன்றுதான், அதையும் ஒரு டப்பாவுக்குத் தாரைவார்த்துவிட்டோமே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டை மேல் சூப்பு சிந்தியதாகப் பாவனை செய்து முகத்தையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளும் டப்பா வந்தது. குடித்தார், ஒன்றும் புரியவில்லை, பழக்கதோஷத்தில் 'ம்' என்றார். மத்தியானம் மனசு சரியில்லாமல் பக்கத்துக் கடைக்குப் போனார். தையல்காரம்மா மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்னால் பழுப்பு நிறத்தில், விரல் வைத்தால் அட்டை மாதிரி சொரசொரக்கிற ஒரு பெட்டி. அதில் சூப்பு. ஆவி பறந்தது.

"உங்க வீட்டம்மாதான் குடுத்தாங்க அண்ணே, எப்படித் தாங்குதுன்னு பார்க்க. கரும்புச் சக்கையாம். வாங்கி வச்சு அரை மணி நேரமாச்சு. ஒழுகவும் இல்ல, தொளதொளன்னும் ஆகல."

முதலாளி பெட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தார். காய்ந்திருந்தது. அழுத்திப் பார்த்தார். வளையவில்லை. ஸ்பூனால் சுரண்டினார். சத்தமே இல்லை. முகர்ந்தார். சூப்பு வாசம் மட்டும்தான் வந்தது. ஒரே ஒரு வாய் குடித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். தையல்காரம்மா பெருந்தன்மையாகத் தள்ளிவைத்தார்.

ஊதினார். உறிஞ்சினார். கண்ணை மூடினார்.

"மிளகு முந்திக்கிட்டு நிக்குது," என்றார். சொன்னதும் கண்ணைத் திறந்து தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அய்யோ, காலையில இதைத்தானே நான் 'ம்'ன்னு அனுப்பினேன்."

நாக்கு போகவில்லை என்று தெரிந்ததில் உயிர் வந்தது. தெர்மாகோலை விட்டுத் தொலைப்பது என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. ஆனால் எப்படி விடுவது? போய், "நீ சொன்னது சரி" என்று வீட்டம்மாவிடம்கூடச் சொல்லிவிடலாம். அது பழகிப்போன ஒன்றுதான். மச்சானிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? யோசித்தார். ஒரு திட்டம் உதித்தது. வாடிக்கையாளர்கள் கேட்டார்கள், முதலாளி மனமிரங்கினார் என்று இருந்தால்? நாளைக்குப் பதினோரு மணிக்குத் தையல்காரம்மா கடைக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தெர்மாகோலைப் பற்றிக் குறை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். தையல்காரம்மா ஊசியில் நூலைக் கோத்தபடி எல்லாவற்றையும் கேட்டார். இரண்டு வாரத்துக்கு மத்தியானச் சூப்புக் கொடுத்தால் சரி என்றார். சட்டென்று ஒத்துக்கொண்டதில் முதலாளிக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமை பிடிபடவே இல்லை.

மறுநாள் தையல்காரம்மா வந்தார். அது சாதாரண வரவா? ஆவேசம் வந்த மாதிரி வந்தார். சாக்கடையில் ஆரம்பித்து, மீனுக்கு அடியில் விழுகிற குழியைத் தொட்டு, தெரு கூட்டுகிற அம்மாவின் இடுப்பு வலி வரைக்கும் போனார். நாங்கள் என்ன மனுஷர்களா, இல்லை பார்சல் பண்ணி அனுப்புகிற டிவியா, எங்களுக்கு எதற்குத் தெர்மாகோல் என்று முடித்தார். காது மந்தமான பெரியவர் என்ன புரிந்ததோ, கை தட்டினார்.

முதலாளி மெல்ல ஸ்டூலிலிருந்து எழுந்தார். "வாடிக்கையாளர்தான் நமக்கு முக்கியம். அதனால இன்னைக்கு இந்த முதலாளி ஒரு முடிவெடுக்கிறேன். இனிமே நம்ம கடையில தெர்மாகோல் கிடையாது."

வீட்டம்மா ஆகா என்று குதிப்பார் என்று எதிர்பார்த்தார். அந்தம்மாவோ பதறிப்போய் வெளியே வந்தார். யாரோ ஏதோ சொன்னார்கள் என்று அவசரப்பட வேண்டாம் என்றார். ஆசையாக வாங்கிய சரக்கு நாற்பது பெட்டி மாடியில் இருக்கிறதே என்றார். தெர்மாகோல் லேசு, கையைச் சுடாது, சூடு தாங்கும், நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார்.

முதலாளிக்கு வந்தது பாருங்கள் ரோஷம். "சூடு தாங்கி என்ன பண்ண? அது வாசம் சூப்புல ஏறுது. சாக்கடை அடைச்சு உன் அடுப்பங்கரைக்குத் தண்ணி வந்துச்சே, மறந்துட்டியா? சல்லடையால அள்ளினியே. அது சாகாத சரக்கு. ஒரு வேளைச் சோறு தின்னுட்டு, நூறு தலைமுறைக்குக் குப்பையை விட்டுட்டுப் போறதா?" கால் மணி நேரம் பேசினார். வீட்டம்மா பதினோரு நாளைக்கு முன்னால் சொன்னதில் ஒரு வரி விடவில்லை. அந்தம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆட்சேபணை சொன்னார். இவர் ஒவ்வொன்றையும் தவிடுபொடியாக்கினார். கடைசியில் அந்தம்மா தயங்கித் தயங்கி, "அப்ப எங்க அண்ணன்கிட்டதான் கேக்கணும். உங்களுக்கு எதுக்குங்க அந்தச் சங்கடம்" என்றார்.

"எனக்கென்ன சங்கடம்? நானே கேக்குறேன்," என்று போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டுப் பெட்டி வேண்டும் என்று சொல்லியும் விட்டார். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்றே உறைத்தது.

மச்சான் இருப்பது நாலு மணி நேரத் தூரத்தில். ஆனால் போன் சூடு ஆறுவதற்குள் வண்டி வாசலில் வந்து நின்றது. மச்சான் இறங்கினார். ஒரு தோளில் அட்டைப்பெட்டி. இன்னொரு கக்கத்தில் தலையணை. அவருக்குப் பின்னாலேயே கண்ணாடிச் சாமான் கடைக்காரர் ஒருவர் தள்ளுவண்டியோடு வந்தார். மேலே இருக்கிற தெர்மாகோலை எடுத்துப் போகச் சொன்னார்களே, வெளியூருக்குச் சாமான் கட்டும்போது இடையில் வைத்து அடைக்க ஆகும், சாக்கடைக்குப் போகாது என்று சொல்லிக்கொண்டே மாடி ஏறினார். யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று கேட்க முதலாளி வாயைத் திறந்தார். அதற்குள் மச்சான் தலையணையை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மாப்பிள்ளை, நல்ல முடிவு எடுத்தீங்க. அறை காலியாகட்டும், ஒரு வாரம் உங்களோடதான்."

முதலாளி அட்டைப்பெட்டியைப் பிரித்தார். பழுப்பு நிறத்தில் அழகழகான பெட்டிகள். ஒவ்வொரு மூடியிலும் பச்சை மையில் எழுத்து. எடுத்துப் படித்தார். 'முதலாளியின் முடிவு: இனி நம் கடையில் தெர்மாகோல் கிடையாது.'

முகம் மலர்ந்துவிட்டது. தன் பேச்சு அச்சில் ஏறிவிட்டதே. காது மந்தமான பெரியவரிடம் மூடியைக் காட்டினார். தையல்காரம்மாவிடம் காட்டினார், அவர் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் முதலாளியின் பார்வை சுவர்க் கடிகாரத்தில் விழுந்தது. முடிவை அறிவித்து இன்னும் ஒரு மணி நேரம் ஆகவில்லை.

திரும்பினார். வீட்டம்மா கையைத் துடைத்தபடி பக்கத்தில் நின்றார். மேஜை மேல் நீலக் கிண்ணம் ஆவி பறக்க இருந்தது.

"இது எப்ப அச்சடிச்சது?"

"மொத நாள் டப்பாவுல குடிச்சு, சட்டையைப் பிழிஞ்சுக்கிட்டே 'அருமை'ன்னீங்களே, அன்னைக்குச் சாயங்காலம்," என்றார் வீட்டம்மா. "குடிச்சுட்டுச் சொல்லுங்க, பானை காத்துக்கிட்டு இருக்கு."

முதலாளி ஊதினார், ஒரு வாய் உறிஞ்சினார், கண்ணை மூடினார், "ம்" என்றார்.